மிதக்கும் வீடு வாங்குமுன்...

பழைய பித்தளைக் குடம் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பளபளப்பையும் கழுத்து வளைவையும் பார்த்த உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுவதில்லை. கவிழ்த்துப் போட்டு அடியைத் தட்டுகிறோம். விரலால் தடவி எங்கேயாவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஊசித்துளை தெரிகிறதா என்று தேடுகிறோம். விழுப்புரம் கடைத்தெருவில் இதைச் செய்யாத குடும்பப் பெண்ணை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்திலே பழைய மோட்டார் படகு ஒன்றை விலைக்கு வாங்கி, அதிலேயே குடித்தனம் போட நினைக்கிறவர்களுக்கும் இந்தச் சாமர்த்தியம்தான் முதலில் வேண்டும்.

"படகிலாவது, குடித்தனமாவது!" என்று நீங்கள் முகவாயில் கை வைத்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. எங்கள் பனமலையில் ஏரி உண்டு, மலைமேல் பல்லவ ராஜா கட்டிய தாளகிரீசுவரர் கோயில் உண்டு. ஏரியில் மிதக்கிற வீடு மட்டும் கிடையாது. ஆனால் என் அக்கா மகள் லண்டனில் இருக்கிறாள். கல்யாணமாகி நாலு வருஷம், கையில் ஒன்றரை வயசுக் குழந்தை. வாங்குகிற சம்பளத்தில் பாதிக்குமேல் வீட்டு வாடகைக்கே போய்விடுகிறது. அவளும் மாப்பிள்ளையும் யோசித்து, பழைய படகு ஒன்று வாங்கிக் குடியேறலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்கள். சேமிப்பு போதவில்லை; திண்டிவனம் பக்கத்தில் இருக்கிற மனையை விற்றுக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அக்கா என்னிடம் ஓடி வந்தாள். அன்றிலிருந்து மூன்று மாசமாக இதே வேலைதான் எனக்கு. அவள் அனுப்பிய தாள்களையெல்லாம் என் மகனைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற சகோதரிகள் இன்றைக்கு வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்தக் கேள்வி நாளைக்கு உங்கள் வாசலுக்கும் வரலாம்.

படகுவீடு என்றால் நமக்குக் காஷ்மீர் தால் ஏரியும் ஆலப்புழையும்தான் ஞாபகம் வரும். தால் ஏரிப் படகுவீடு தேவதாரு மரத்தில் செய்தது; கட்டின இடத்தில் நிற்கும். ஆலப்புழைக் கெட்டுவள்ளம் ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் இழுத்துத் தைத்தது. முன்காலத்தில் நெல் ஏற்றியது, இப்போது உல்லாசப் பயணிகளை ஏற்றுகிறது. நம்முடைய மாவட்டத்துக்கே ஒரு படகுக் கால்வாய் உண்டு. வடக்கே ஆந்திராவிலிருந்து சென்னை வழியாக மரக்காணம் வரை வருகிற பக்கிங்ஹாம் கால்வாய்தான் அது. உப்பும் விறகும் ஏற்றிப் படகுகள் போய்வந்த வழி. 1877-78 பஞ்சத்தில் வேலையில்லாத ஜனங்களுக்குக் கூலி கொடுப்பதற்காகச் சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டினார்கள். அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைக் கால்வாய்க்கு வைத்தார்கள்.

அதே 1877இல்தான் இங்கிலாந்திலும் படகுக் குடித்தனத்துக்கென்று முதல் சட்டம் வந்தது. அங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே நிலக்கரி ஏற்றிப்போகக் கால்வாய்கள் வெட்டியிருந்தார்கள். ரயில் வந்து போட்டிக்கு நின்றதும் படகுக்காரர்களுக்கு வருமானம் குறைந்தது. கரையில் வாடகை கொடுக்க முடியாமல் பெண்டாட்டி பிள்ளைகளையும் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். பத்தடி நீளம்கூட இல்லாத பின்கட்டு அறை. அதற்குள் அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாமே! இத்தனை பேருக்குமேல் ஓர் அறையில் படுக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் கணக்குப் போட்டது. படகுப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்க 1884இல் இன்னொரு சட்டம் வந்தது. அந்தச் சின்ன அறையையும் ரோஜாப்பூப் படம் எழுதி, பித்தளைச் சாமானைத் துலக்கி மாட்டி, லேஸ் திரை கட்டி அந்தப் பெண்கள் வைத்திருந்த அழகைப் பற்றி இன்றும் சொல்கிறார்கள். பெண் எங்கே போனாலும் வீடு பண்ணிவிடுவாள், என்ன சொல்கிறீர்கள்?

சரக்கு ஏற்றுவது நின்றுபோன பிறகு, ஆசைக்காகக் குடியேறுகிறவர்கள் வந்தார்கள். எல்.டி.சி. ரோல்ட் என்ற என்ஜினீயர் 1939இல் கல்யாணமான கையோடு மனைவியுடன் 'கிரெஸ்ஸி' என்ற பழைய மரப்படகில் குடியேறினார். அதைப்பற்றி அவர் எழுதிய புத்தகம் 1944இல் வந்து, பாழாய்க் கிடந்த கால்வாய்கள் மேல் ஜனங்களுக்குப் பிரியத்தை உண்டாக்கியது. இன்றைக்கு இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை 2012 முதல் ஒரு தர்ம ஸ்தாபனம் பார்த்துக்கொள்கிறது. 'கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்' என்று பெயர். 3,000 கிலோமீட்டருக்குமேல் நீர்வழி, 35,000க்கு மேல் படகுகள். இப்போது குடியேறுகிறவர்களில் நிறையப் பேர் ஆசைக்காக அல்ல, வாடகை தாங்காமல் வருகிறவர்கள். தமிழர்களும் குஜராத்திகளும் கடை வைத்திருக்கிற ஆல்பர்ட்டன் பக்கமாகவே ஒரு கால்வாய் ஓடுகிறது. முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நடந்தே படகுக்கு வந்துவிடலாம் என்கிறாள் எங்கள் பெண்.

எந்தப் படகு?

அந்தக் கால்வாய்களில் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிற இடங்களில் மதகுப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். பாதிக் கால்வாய்களில் அந்தப் பெட்டியின் அகலமே ஏழடிதான். ஆகவே படகும் ஏழடிக்குள். நீளம் மட்டும் எழுபதடி வரை போகும். 57 அடிக்குள் இருந்தால் ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போகலாம் என்கிறார்கள். உள்ளே நிற்கிற அகலம் ஆறடி. நம் வீட்டுத் தாழ்வாரத்தை நீளவாக்கில் நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் சமைக்கும்போது இன்னொருத்தர் தாண்டிப் போக வேண்டுமானால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டடி அகலப் படகும் உண்டு, வீடு மாதிரியே இருக்கும். ஆனால் குறுகலான மதகுகளில் நுழையாது.

மலிவு என்று பார்த்தால் கண்ணாடி நாரில் செய்த சிறு படகுகள் முதலில் கண்ணில் படும். பின்னால் பெட்ரோல் மோட்டார் தொங்கும். கோடையில் நாலு நாள் உல்லாசமாகச் சுற்றுவதற்குச் செய்தவை அவை. சுவர் மெல்லிசு, குளிர்காலத்தில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருக்க லாயக்கில்லை. பெட்ரோல் ஆவிக்குத் தீப்பொறி போதும் என்பதும் ஒரு பயம். அடுத்து மரப்படகு. பார்க்க லட்சணம், விலையும் கொள்ளை மலிவு. அந்த மலிவைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்! பலகை உளுத்தால் மாற்றுவதற்கு ஆளும் கிடைப்பதில்லை, கூலியும் கட்டுப்படியாவதில்லை. ஆகவே டீசல் என்ஜின் வைத்த இரும்புப் படகு. குடித்தனத்துக்கு அதுதான் சரி என்று நானும் மாப்பிள்ளையும் ஒரே முடிவுக்கு வந்தோம். (மாமியார் வீட்டாரும் மாப்பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வமில்லையா!)

திரைச்சீலையைப் பார்க்காதே, அடியைப் பார்

முதல் படகைப் பார்க்கப் போனபோது அவள் வீடியோவில் காட்டினாள். "உள்ள பாருங்க சித்தி, எவ்வளவு அழகு!" நிஜமாகவே அழகுதான். மரச்சுவர், சின்ன அடுப்பங்கரை, நீலத் திரை, குழந்தைக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போல ஒரு கட்டில். "எல்லாம் சரி கண்ணு, அடியைக் காட்டு" என்றேன். அடி தண்ணீருக்குள் இருக்கிறது, எப்படிக் காட்டுவாள்? இதுதான் விஷயமே. படகில் நாம் பணம் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத பாகத்துக்கு. திரை, மெத்தை, பெயிண்ட் எல்லாம் சில நூறு பவுண்டில் மாற்றிக்கொள்ளலாம். அடித்தகடு போனால் படகே போச்சு.

இரும்புப் படகு வாங்குகிறவர்கள் 'பத்து, ஆறு, நாலு' என்று பேசிக்கொள்கிறார்கள். அடித்தகடு 10 மில்லிமீட்டர், தண்ணீரில் நிற்கிற பக்கத் தகடு 6, மேலே அறைச் சுவர் 4. இது புதிதாகக் கட்டும்போது இருக்கிற கனம். வருஷம் ஆக ஆகத் துரு தின்கிறது. சீராகத் தின்றால் பரவாயில்லை, அம்மைத் தழும்பு மாதிரி அங்கங்கே குழி விழுவதுதான் ஆபத்து. தண்ணீர் மட்டத்துக் கோட்டில் காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படுவதால் அங்கே அதிகம் அரிக்கும். கரையிலிருந்து மின்சாரம் இழுத்துக்கொள்கிற படகுகளில், தடுப்புக் கருவி வைக்காவிட்டால், மண்-இணைப்புக் கம்பி வழியாகப் பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். இதற்குப் பலியாடு போல மக்னீசியக் கட்டிகளைப் படகின் அடியில் பற்ற வைக்கிறார்கள். துரு இரும்பை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டியைத் தின்னும். கட்டி கரைந்து தேய்ந்திருந்தால் அது வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். முழுக்கக் கரைந்துபோய் மாற்றாமலே விட்டிருந்தால், சொந்தக்காரருடைய லட்சணம் தெரிந்துவிடும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரை விட்டு எடுத்து அடியில் தார் பூச வேண்டும். பூசினதற்கு ரசீது கேளுங்கள்.

இதையெல்லாம் நாமே பார்க்க முடியாது. அதற்கென்று பரிசோதகர்கள் இருக்கிறார்கள். படகை உலர்துறையில் ஏற்றியோ கிரேனில் தூக்கியோ நிறுத்தி, சுத்தியலால் தட்டி, ஒலியலைக் கருவியால் அடிக்கு அடி தகட்டின் கனத்தை அளந்து எழுதிக் கொடுப்பார்கள். சில நூறு பவுண்டு செலவாகும். படகை மேலே ஏற்ற வேறு கூலி. "வாங்கவே போறமோ என்னமோ, அதுக்குள்ள இவ்வளவு செலவா?" என்று எங்கள் பெண் அங்கலாய்த்தாள். ஆனால் அந்த நீலத் திரைப் படகின் அறிக்கை வந்தபோது வாயடைத்துப் போனாள். 1994இல் கட்டியது. ஆறு மில்லிமீட்டராக இருந்த பக்கத் தகடு, பின்பக்கம் தண்ணீர்க் கோட்டில் பல இடத்தில் 3.6தான் இருந்தது. நாலு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பொதுவாக முழுக் காப்பீடு தரத் தயங்குகிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத வீடு தண்ணீரில் நிற்கிறது என்றால், குடும்பத்தின் மொத்தச் சொத்தும் தண்ணீரில் நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

"மேலே இன்னொரு தகடு வைத்துப் பற்ற வைத்தால் போச்சு" என்று விற்கிறவர் சொன்னாராம். ஓட்டைக் குடத்துக்கு ஒட்டுப் போடுகிற கதை. முறையாகச் செய்தால் அதுவும் ஒரு வழிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல ஆயிரம் பவுண்டு ஆகும், படகின் எடையும் கூடும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. விட்டுவிட்டு வரச் சொன்னேன்.

இன்னொரு ஏமாற்றத்துக்கும் இடம் உண்டு. அங்கே ஒவ்வொரு படகுக்கும் நாலு வருஷத்துக்கு ஒருமுறை 'போட் சேஃப்டி' சான்றிதழ் வாங்க வேண்டும். "சர்ட்டிபிகேட் புதுசா இருக்கு, பரிசோதனை எதுக்கு?" என்று தரகர்கள் சொல்லலாம். அந்தச் சான்றிதழ் காஸ், எண்ணெய், மின்சாரம், தீ இவை சம்பந்தப்பட்டது. அடித்தகடு எவ்வளவு கனம் என்று அது பார்ப்பதே இல்லை.

பரிசோதகரைக் கூப்பிடுவதற்கு முன்னால் காசு செலவில்லாமல் நாமே பார்க்கக்கூடியதும் நிறைய உண்டு. இதில் பெண்களை யாரும் மிஞ்ச முடியாது. கட்டிலடிப் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அலமாரியின் பின்சுவரைத் தொட்டுப் பாருங்கள். மெத்தையைத் திருப்பிப் போட்டுக் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அறையின் பின்கோடியில் தரையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் தூக்கிக் கையை விட வேண்டும். தூசி வந்தால் நல்லது, ஈரம் வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. தரைக்குக் கீழே பாரத்துக்காகச் செங்கல்லோ கல்பலகையோ அடுக்கியிருப்பார்கள். அதற்கு நடுவில் தண்ணீர் நின்றால் படகு உள்ளேயிருந்தும் துருப்பிடிக்கும்.

என்ஜினைப் பார்க்க மாப்பிள்ளையை அனுப்பலாம். ஆனால் சொல்லி அனுப்ப வேண்டும். போவதற்கு முன்பே என்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்கிறவரிடம் சொல்லிவிட வேண்டும். குளிர்ந்து கிடக்கிற என்ஜின் சட்டென்று கிளம்புகிறதா என்பதுதான் சோதனை. கறுப்புப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, நீலம் வந்தால் என்ஜின் எண்ணெய் எரிகிறது, வெள்ளைப் புகை ஓயாமல் வந்தாலும் சந்தேகம். பின்பக்கம் தண்ணீருக்குள் சுழல்கிற விசிறிக்கு நேர்மேலே ஒரு மூடி வைத்திருக்கிறார்கள். விசிறியில் சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பை, கயிறு, கந்தல் இவற்றைக் கையை விட்டு எடுப்பதற்கு. அந்த மூடியைச் சரியாக இறுக்காமல் படகை ஓட்டி, தண்ணீர் உள்ளே புகுந்து மூழ்கிய படகுகள் உண்டு. பூட்டும் ரப்பரும் நன்றாக இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

நம் சமையலும் அவர்கள் படகும்

வெள்ளைக்காரர்கள் எழுதுகிற ஆலோசனைகளில் இட்லியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதுதான் முதல் கவலை. ஆறடி அகல இரும்புப் பெட்டிக்குள் தினமும் சோறு வடித்து, இட்லி அவித்து, ரசம் கொதிக்க வைத்தால் அத்தனை ஆவியும் எங்கே போகும்? வெளியே குளிர், இரும்பும் ஜன்னல் கண்ணாடியும் சில்லென்று இருக்கும். ஆவி அதில் பட்டுத் தண்ணீராக வழியும். குழந்தையின் துணியையும் உள்ளேயே காயப்போட்டால் கேட்கவே வேண்டாம். பூஞ்சை பிடித்தால் பிள்ளைகளுக்கு இருமலும் இழுப்பும் வரும். ஆகவே தகட்டுக்கும் மரச்சுவருக்கும் நடுவே குளிர் தாங்குவதற்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நுரையாகப் பீய்ச்சி அடைத்திருந்தால் உத்தமம். இடைவெளியில்லாமல் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பழைய படகுகளில் வெறும் தெர்மோகோல் அட்டை இருக்கும். ஓரங்களில் இடுக்கு விட்டிருக்கும். அடுப்புக்கு மேலே ஆவி வெளியேறுகிற விசிறி இருந்தால் பாதிக் கவலை தீரும்.

மிக்ஸி இன்னொன்று. படகில் மின்சாரம் 12 வோல்ட் பாட்டரியில் சேமித்து வைத்தது. 750 வாட் மிக்ஸி ஓடினால் பாட்டரியிலிருந்து 60, 70 ஆம்பியர் இழுக்கும். சட்னி அரைக்கிற இரண்டு நிமிஷத்துக்குப் பாதகமில்லை. மாவாட்டுகிற கிரைண்டர், மின்சார அரிசிக் குக்கர் இதெல்லாம் என்ஜின் ஓடும்போதோ, கரையில் மின் இணைப்பு இருக்கும்போதோதான். இரவு எட்டு மணிக்குமேல் காலை எட்டு வரை, நிறுத்தி வைத்த படகில் மின்சாரத்துக்காக என்ஜின் ஓட்டக்கூடாது என்பது அங்கே விதி. கூரைமேல் சூரியத் தகடு போட்டிருப்பார்கள்; கோடையில் கொட்டிக் கொடுக்கும், மார்கழியில் கையை விரித்துவிடும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் கழிப்பறையைச் சொல்லாமல் முடியாது. மலிவான படகுகளில் பெரும்பாலும் இருபது லிட்டர் பிடிக்கிற பெட்டிதான். நிரம்பினால் தூக்கிக்கொண்டு போய் அதற்கென்று உள்ள இடத்தில் கொட்டிக் கழுவி வர வேண்டும். நாம் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்கிறவர்கள் ஆயிற்றே, நமக்கு அது இன்னும் சீக்கிரம் நிரம்பும். மாற்றுப் பெட்டி ஒன்று கூடவே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது பெரிய தொட்டியில் சேர்ந்து, பம்பு வைத்து இறைக்கிற வகையாகப் பார்க்கலாம். அதற்கு ஒவ்வொரு முறையும் கட்டணம்.

உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. ஒன்று சமையல் காஸ். அது காற்றைவிடக் கனம். வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்து வைத்தால் தரையோடு போய்விடும். படகிலோ தரைக்கடியில் போய்த் தேங்கிவிடும், போக வழி இல்லை. அதனால்தான் சிலிண்டரைத் தனி அறையில் வைத்து, கசிந்தால் படகுக்கு வெளியே போகிறாற்போல ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டையில் சாமான் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. குளிருக்குக் கரி போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு அநேகமாக எல்லாப் படகிலும் உண்டு. புகைக்குழாய் விரிசலாயிருந்தால் அந்த விஷக்காற்று உள்ளே பரவும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி; ஜுரம் வருகிறாற்போல இருக்கும், படுத்தால் எழுந்திருக்க முடியாது. 2019 ஏப்ரலிலிருந்து தங்கும் அறையுள்ள படகுகளில் இதற்கு எச்சரிக்கை மணி கட்டாயம். அடுப்பு இருக்கிற இடத்தில் ஒன்று, படுக்கும் இடத்தில் ஒன்று வேண்டும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரத்தில் துணி அடைப்பவர்கள் உண்டாம். ஐயோ, அதை மட்டும் செய்யவே கூடாது.

வாங்குகிற விலை, வைத்திருக்கிற விலை

படகைக் கட்டி வைக்கிற இடத்துக்குத் தனி வாடகை உண்டு. அதுவும் குடியிருக்க அனுமதியுள்ள இடம் லண்டனில் குறைச்சல், வாடகையும் அதிகம். படகு நிற்கிற இடத்தைக் காட்டி விற்பார்கள். படகை வாங்கினால் இடமும் சேர்ந்து வரும் என்று நினைத்துவிட வேண்டாம். எழுதி வாங்க வேண்டும். இடம் வேண்டாம் என்றால், ஓரிடத்தில் 14 நாளுக்குமேல் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருப்பதாக ஒப்புக்கொண்டு லைசென்ஸ் வாங்கலாம். 1995ஆம் வருஷச் சட்டம் இதற்கு வழி செய்கிறது. இந்த வகைக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணமும் போட்டிருக்கிறார்கள். குழந்தைக்கு மூன்று வயசாகிப் பள்ளிக்கூடம் போகும்போது என்ன செய்வாள்? பதினைந்து நாளைக்கு ஒருமுறை வீடு நகரும், பள்ளிக்கூடம் நகராதே! சின்ன வட்டத்துக்குள்ளேயே போய்ப்போய் வந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுக்கலாம். என்னைக் கேட்டால், கைக்குழந்தைக்காரர்கள் முதலில் இடத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு படகைத் தேட வேண்டும். டாக்டர் விஷயத்தில் கவலையில்லை. நிலையான விலாசம் இல்லாதவர்களும் அங்கே அரசாங்க மருத்துவத்தில் பேரைப் பதிந்துகொள்ளலாம். தடுப்பூசி தவறாது.

லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், இட வாடகை, டீசல், கரி, காஸ் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிந்த செலவு. தார் பூச்சு, பாட்டரி மாற்றம், சான்றிதழ் இவை இரண்டு மூன்று வருஷம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும். சீட்டுக் கட்டுகிற மாதிரி மாசாமாசம் ஒரு தொகையைத் தனியாகப் போட்டுவரச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குக் கிடைக்கிற சாதாரண பாங்க் கடன் படகுக்குக் கிடைக்காது. படகுக்கென்று தருகிற கடனுக்கு வட்டி அதிகம், பழைய படகு என்றால் அதுவும் கஷ்டம். ஆகவே கையில் 45,000 பவுண்டு இருந்தால் 38,000க்குள் படகு பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு. மீதி ரிப்பேருக்கு. வாங்கின முதல் வருஷமே அது தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆர்.சி. புத்தகம் போல அங்கே கால்வாய்ப் படகுக்கு உரிமைப் பத்திரம் கட்டாயமில்லை. லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது என்பது சொத்து யாருடையது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. முந்தின சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த விற்பனைச் சீட்டு, அதற்கும் முந்தினது என்று மனைப் பத்திரத்துக்குத் தாய்ப்பத்திரம் பார்ப்பதுபோலப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அந்தப் படகின்மேல் கடன் பாக்கி இல்லை என்றும் எழுதி வாங்க வேண்டும். முன்பணம் கொடுக்கிற சீட்டிலேயே 'பரிசோதனை திருப்தியாக இருந்தால் மட்டுமே' என்ற வார்த்தை இருக்கட்டும். இல்லையென்றால் பணம் திரும்பி வருவது கஷ்டம்.

குழந்தைக்கு வேண்டியதைத் தனியாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். காலிடுக்கில் வார் போட்ட, தலையைத் தூக்கிப் பிடிக்கிற காலர் வைத்த மிதவைச் சட்டை. வாங்குமுன் குழந்தையின் எடையைச் சொல்லி வாங்க வேண்டும். வெளித்தட்டில் நிற்கும்போது இடுப்பில் வார் கட்ட ஒரு வளையம். இரண்டு பக்க வாசலுக்கும் உள்பக்கத்துத் தாழ்ப்பாள், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில். கரி அடுப்பைச் சுற்றித் தரையோடு இறுக்கிய கம்பி வேலி. கால்வாய் பல இடத்தில் பெரியவர்களுக்கு இடுப்பளவு, மார்பளவுதான். ஒன்றரை வயசுக் குழந்தைக்கு அது கடல்.

இரண்டாவது படகையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அடித்தகடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கை அறைச் சுவரெல்லாம் ஈரம் கோத்திருந்தது, நிறுத்துகிற இடத்தில் குடியிருக்க அனுமதியும் இல்லை. இப்போது மூன்றாவதாக ஒன்று பார்த்திருக்கிறார்கள். 2003இல் கட்டியது, 55 அடி, நுரை அடைத்த சுவர். உள்ளே திரைகூட இல்லை, பெயிண்ட் உரிந்து கிடக்கிறதாம். வருகிற மாசம் உலர்துறையில் ஏற்றித் தட்டிப் பார்க்கப் போகிறார்கள். அறிக்கை வரும் வரையில் மனையை விற்க யாரிடமும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.